காவிரி டெல்டாவில் மரமும் தண்ணீரும்: உழவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறக்குமா, திறந்தால் கடைமடை வரை தண்ணீர் எட்டுமா என்பதே டெல்டாவின் ஆண்டுக் கேள்வி. இந்தக் கவலைக்கு நடுவே, நிலத்தில் மரம் வையுங்கள், நீர்வளம் பெருகும் என்ற அறிவுரையும் சில ஆண்டுகளாக ஊர்தோறும் கேட்கிறது. அந்த அறிவுரையில் பாதி உண்மை. மீதிப் பாதி மண்ணையும் மரத்தையும் இடத்தையும் பொறுத்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் பயிர் செய்வோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. இப்பக்கத்தில் ‘படுகை’ என்ற சொல் டெல்டா முழுவதையும் குறிக்காது. ஊர் வழக்கில் உள்ளபடி, ஆற்றின் இரு கரைகளுக்குள்ளும் கரையோரமாகவும் கிடக்கும் வண்டல் நிலத்தை மட்டும் குறிக்கும்.

டெல்டாவில் மரம் நட்டால் காவிரியில் தண்ணீர் கூடுமா?

கூடாது. கல்லணைக்கு வந்து சேரும் நீர் குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் பெய்யும் மழையால் வருவது. தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ நடப்படும் மரத்தால் அந்த வரத்தில் ஒரு துளியும் ஏறப்போவதில்லை. டெல்டாவின் சொந்த மழையோ ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை; ஓர் ஊரின் தோப்பு அதை அழைத்து வருவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மழை வரும் என்று நம்பி நட்டவர், இரண்டு பொய்த்த பருவங்களுக்குப் பின் மரத்தையே வெறுத்துவிடுகிறார்.

அப்படியானால் மரம் தண்ணீருக்குச் செய்வதுதான் என்ன?

வந்த தண்ணீரை வீணாகாமலும் கெடாமலும் காப்பதில் மரத்துக்குப் பங்கு உண்டு. மரத்தடி மண்ணில் வேரும் சருகும் மண்புழுவும் சேர்ந்து துளைகளை உண்டாக்குவதால், நவம்பர் மாதத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையின் ஒரு பகுதி வடிகாலுக்கு ஓடாமல் உள்ளே இறங்குகிறது. கோடைக் காற்றின் வேகத்தை மர வரிசை தணிப்பதால், அதன் மறைவில் உள்ள வயலும் குட்டையும் மெதுவாகக் காய்கின்றன. வாய்க்காலுக்கும் வயலுக்கும் இடையில் புல்லும் மரமும் கொண்ட ஒரு பட்டை இருக்குமானால், வயலிலிருந்து வழியும் யூரியாவிலும் பூச்சி மருந்திலும் கணிசமான பங்கை வேர்களும் மண்ணும் பிடித்துக்கொள்கின்றன.

கடைசியாகச் சொன்னது சிறிய செய்தி அன்று. கொள்ளிடத்து மணலிலிருந்து எடுக்கப்படும் நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாக வேதாரண்யம் வரை செல்கிறது. அணைக்கரையில் பிரியும் வடவாற்றின் நீர் வீராணம் ஏரியை நிரப்பி, 2004 முதல் சென்னைக்கும் போகிறது. டெல்டா உழவர் தம் வயலோரத்தில் செய்வதும் செய்யாததும் யாரோ ஒருவருடைய குடத்தில் போய் நிற்கின்றன.

மரமே நிலத்தடி நீரை உறிஞ்சிவிடாதா?

உறிஞ்சும். எல்லா மரமும் நீர் குடிக்கிறது. வேகமாக வளரும் மரம் கூடுதலாகக் குடிக்கிறது. இதை மறைத்துப் பேசுவோரின் அறிவுரையை ஐயத்துடன் கேட்பதே முறை. கேட்கவேண்டிய கேள்வி, மரம் குடிக்கும் அளவைவிட அதன் வேரடியில் கூடுதலாக உள்ளே இறங்கும் அளவு மிகுதியா, குறைவா என்பதுதான்.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோ நாட்டில், வயல்களில் சிதறி நிற்கும் மரங்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. மரமே இல்லாத வெளியைவிடவும், அடர்ந்த மரக்கூட்டத்தைவிடவும், நடுத்தர அளவில் மரம் நிற்கும் நிலத்தில்தான் நிலத்தடிக்கு அதிக நீர் இறங்குகிறது என்று அது காட்டியது. மரமே இல்லாவிட்டால் மண் இறுகி மழை மேலேயே ஓடிவிடுகிறது. மரம் நெருங்கிவிட்டால் இறங்கியதையெல்லாம் அதுவே குடித்துவிடுகிறது. அங்குள்ள மண்ணும் மழையும் வேறு, எனவே அந்த எண்களை இங்கே ஒட்டவைக்க முடியாது. ஆனால் அந்தப் போக்கு டெல்டாவின் மேட்டு நிலங்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

மறுபக்கத்துக்கு வெளிநாடு போகவேண்டியதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் பார்த்தால் போதும். ஏரி, கண்மாய்களின் நீர்வரத்துப் பரப்பில் பரந்த தைல மரக்காடுகள் வளர்க்கப்பட்டு, மழைநீரை உள்ளேயே நிறுத்த வரப்புகளும் அகழிகளும் இடப்பட்டதால், கீழே உள்ள கண்மாய்க்கு நீர் வருவதில்லை என்பது அம்மாவட்ட உழவர்களின் நெடுநாள் முறையீடு. ஒரே இனம், நெருக்கமான நடவு, குறுகிய ஆண்டுகளில் வெட்டு, மீண்டும் தளிர்ப்பு என்ற முறையில் மரத்தை வளர்த்தால், அது நீரைக் காக்கும் நிலப் பயன்பாடு ஆகாது. காகிதக் கூழுக்கான பயிர் மட்டுமே. சீமைக் கருவேலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

நெல்லை விட்டுவிட்டு வயலை மரத் தோப்பாக்கினால் தண்ணீர் மிச்சமாகுமா?

ஒரு போகம் நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்பது வேளாண் துறையினர் வழக்கமாகச் சொல்லும் அளவு. ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். இந்த எண்ணைக் காட்டி, நெல்லை விட்டால் அவ்வளவும் மிச்சம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் வயலில் நிறுத்திய நீர் முழுவதும் நெல் குடித்தது அன்று. ஒரு பகுதி ஆவியாகிறது, ஒரு பகுதி கீழே கசிந்து வடிமுனைக் குழாய்க் கிணறுகளுக்கு (அடியில் வடிகட்டி பொருத்திய, அதிக ஆழமில்லாத கிணறுகளுக்கு) ஊற்றாகிறது, ஒரு பகுதி வடிகாலில் இறங்கி அடுத்த ஊரின் பாசனமாகிறது. தலைமடையில் வடிந்த நீரையே நம்பிக் கடைமடையில் சம்பா விளைந்த ஊர்கள் உண்டு. எனவே ஆற்றுப் பாசனம் பெறும் களிமண் வயலை மொத்தமாகத் தோப்பாக்குவதால் நீர் பாதுகாக்கப்படுகிறது என்று சொல்ல முடியாது. நீரின் வழி மாறுகிறது, அவ்வளவே. மேலும், கார்த்திகையில் பத்து நாள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் களிமண்ணில் தேக்கு போன்ற மரங்களின் வேர் அழுகிவிடும்.

இப்பக்கத்தை எழுதுவோரின் கருத்து இது: நெல் வயல் நெல் வயலாகவே இருக்கட்டும். டெல்டாவில் மரத்துக்குரிய இடம் வரப்பு, வாய்க்கால் ஓரம், குளக்கரை, படுகை, கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் அடங்கும் மேட்டு மணற்பாங்கு, கடலோர உவர்நிலம் ஆகியவைதான். இவற்றைக் கூட்டினால் சிறிய பரப்பு அன்று.

தென்னையும் மரம்தானே? தென்னந்தோப்பு நீரைக் காக்காதா?

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் கடந்த சில பத்தாண்டுகளில் வயல்கள் பெருமளவு தென்னந்தோப்புகளாயின. ஆற்று நீர் நிச்சயமில்லை, நடவுக்கு ஆள் இல்லை, தென்னையில் மாதாமாதம் காசு வரும் என்ற காரணங்கள் உழவருக்கு நியாயமானவை. ஆனால் நெல்லுக்கு நாலு மாதம் நீர் என்றால், தென்னைக்கு ஆண்டு முழுவதும் நீர் வேண்டும். அந்த நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை நிற்கும் தோப்பில், அடிமண்ணை உழுது வெறுந்தரையாக வைத்துக்கொண்டு, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சினால், அது நிலத்தடி நீரைச் செலவழிக்கும் பண்ணையே தவிர வேறல்ல.

அதே தோப்பில் சொட்டுநீர் அமைத்து, மட்டையையும் உரி மட்டையையும் கொளுத்தாமல் வேரடியில் மூடாக்காகப் பரப்பி, இடையில் வாழையோ கோகோவோ வைத்து, வேலியோரம் கிளைரிசிடியா நட்டுத் தழை வெட்டிப் போட்டால் கணக்கு மாறத் தொடங்கும். பல அடுக்குப் பயிர் என்பது அலங்காரச் சொல் இல்லை என்பதை 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலும் கற்பித்தது. தென்னையை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே இரவில் இருபது, முப்பது ஆண்டு வருமானத்தை இழந்தன. விழுந்த தென்னைகளுக்கு இடையே பனைகள் பெரும்பாலும் நின்றிருந்ததை அந்த வட்டாரத்தில் பார்க்காதவர் இல்லை.

வரப்பில் மரம் வைத்தால் நிழல் விழுந்து நெல் கெடாதா?

கெடும், இடம் பார்த்து வைக்காவிட்டால். சம்பா, தாளடிக் காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், நிழல் வடக்கு நோக்கி விழுகிறது. ஆகவே தம் வயலின் வடக்கு வரப்பில் வைத்தால் தம் நெல் தப்பும். நிழல் வடக்கே உள்ள பங்காளியின் வயலில் விழும். டெல்டாவில் எத்தனை வரப்புத் தகராறுகள் இப்படித் தொடங்கின என்று கேட்டால் ஊருக்கு ஒரு கதை கிடைக்கும். வடக்கே சாலையோ வாய்க்காலோ களத்துமேடோ இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. இல்லையென்றால் இரு தரப்பும் பேசி, பொது வரப்பில் நட்டு, மகசூலைப் பங்கிடுவது என்று எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது இன்னும் எளிது: ஆண்டுதோறும் கிளை கழிக்கும் மரத்தையே வரப்பில் வைப்பது. வாதநாராயணனும் பூவரசும் கிளைரிசிடியாவும் நம் பாட்டனார் காலத்திலிருந்தோ அதற்குச் சற்றுப் பின்னரோ இதற்காகவே வரப்பேறியவை. நடவுக்கு முன் தழையை வெட்டிச் சேற்றில் மிதித்தால் எருவாகிறது. நெல் வளரும்போது மரம் மொட்டையாக நிற்பதால் நிழலும் இல்லை. பூவரசுக்குக் கன்றுகூட வேண்டாம். போத்து (கிளைத் துண்டு) வெட்டி நட்டால் துளிர்க்கும். ஒரு சதுர ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 255 மீட்டர். ஐந்து மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் ஐம்பது மரம். பொது வரப்பு இரண்டை விட்டுவிட்டாலும் இருபத்தைந்துக்குக் குறையாது.

இதில் ஓர் இடையூறு உண்டு. அறுவடை எந்திரமும் டிராக்டரும் வயலுக்குள் இறங்கும் வழியில் மரம் நின்றால், ஓட்டுநர் அடுத்த ஆண்டு அந்த வயலுக்கு வரமாட்டார். இறங்குமிடத்தை முதலில் குறித்துவிட்டு மீதியில் நடவேண்டும்.

எந்த மண்ணுக்கு எந்த மரம்?

பட்டியல் கேட்பவர்களுக்கு முதலில் ஊர்ப் பெயரைப் பார்க்கச் சொல்வது எங்கள் வழக்கம். வயல் சார்ந்த நிலத்துக்கே மருத மரத்தால் மருதம் என்று பெயர்; திருவிடைமருதூரின் தலமரமும் மருதுதான். நீர் தேங்கும் களிமண்ணிலும் ஆற்றோரத்திலும் நீர்மருது இன்றும் செழிக்கிறது. அதனுடன் நாவலும் புங்கனும் நிற்கும். தஞ்சைக்கு அருகே புன்னைநல்லூர், முத்துப்பேட்டை அருகே தில்லைவிளாகம் என்று மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தவர்கள் மண் ஆய்வு அட்டை இல்லாமலே மண்ணை அறிந்திருந்தார்கள்.

படுகையில் மூங்கில், கொள்ளிடக் கரையில் காலங்காலமாக உள்ளது. வெள்ளம் வந்து போனாலும் தூர் அசையாது, வண்டலைப் பிடித்து நிறுத்தும். 2017-இல் இந்திய வனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தால், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டதால், வெட்டுவதிலும் கொண்டுசெல்வதிலும் இருந்த தொல்லை குறைந்தது. மேட்டு மணற்பாங்கில் தேக்கு, வேம்பு, பலா, முந்திரி ஆகியவை தேறும்.

வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடலோரப் பகுதிகளில் சிக்கல் வேறு. அங்கே நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆழமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். அங்கு மரத்தின் வேலை காற்றையும் உப்புத் தூறலையும் தடுப்பது. சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றின் தழைச்சத்தை நிலைநிறுத்துவதால், அது சத்தற்ற மணலிலும் வளர்கிறது. நாலைந்து ஆண்டில் காசாகிறது. ஆனால் முழுப் பரப்பையும் ஒரே ஆண்டில் வெட்டிவிட்டால் காற்றுத் தடை அன்றோடு போயிற்று. பகுதி பகுதியாக வெட்டவேண்டும். கடலைப் பார்த்த ஓரத்தில் புன்னை, பூவரசு, பனை ஆகியவற்றை நிலையாக நிறுத்தவேண்டும். முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு தனியார் நிலம் அன்று எனினும், அதன் பின்னால் உள்ள வயல்களுக்கு அது முதல் வேலி. சிதைந்த இடங்களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழி செய்து அதை மீட்டிருக்கிறார்கள். கன்று நடுவதைவிடத் தண்ணீர் போய்வர வழி செய்ததே அங்கே வேலை செய்தது.

ஆற்றுக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் நாங்களே மரம் நடலாமா?

கரை பொதுச்சொத்து; நீர்வளத் துறையின் அனுமதியின்றி நடக்கூடாது. அனுமதி ஒருபுறம் இருக்க, வெள்ளம் தாங்கும் கரையின் முகட்டிலும் உட்சரிவிலும் பெருமரம் வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. புயலில் மரம் வேரோடு சாய்ந்தால் அந்தப் பள்ளத்தில்தான் உடைப்பு தொடங்கும். பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய துளை வழியாகவும் நீர் கசியும். தூர்வாரும் எந்திரத்துக்கும் வழி இராது. உட்சரிவுக்கு வெட்டிவேரும் நாணலும் போதும். (உலக மொழிகள் பலவும் வெட்டிவேர் என்ற தமிழ்ப் பெயரையே கடன் வாங்கிக்கொண்டன, நாம்தான் அதைக் குளிர்பானக் கடையோடு நிறுத்திவிட்டோம்.) மரங்களைக் கரையின் வெளி அடிவாரத்தில் வைக்கலாம். வாய்க்காலை அடைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை, கரையைப் பிடிக்கிறது என்று சொல்லி விட்டுவைப்பது தவறு.

நிலம் கோயிலுடையது, நான் குத்தகைதாரர். நான் மரம் வைத்தால் அது யாருக்குச் சொந்தம்?

டெல்டாவில் மரம் பெருகாததற்கு மண்ணும் நீரும் காரணமல்ல, இந்தக் கேள்விதான் காரணம் என்று சொன்னால் மிகையாகாது. கோயில்களும் மடங்களும் அறக்கட்டளைகளும் பெருமளவு நன்செய்க்கு உரிமையாளர்களாக உள்ள பகுதி இது. 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரை வெளியேற்றத்திலிருந்து காக்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் பொது அறக்கட்டளை நிலங்களின் குத்தகையை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் இந்த ஏற்பாடுகளின் மனத்தில் இருந்தது நெல்லும் அதன் பங்கும்தான். இருபது ஆண்டு கழித்து வெட்டும் மரத்தைப் பற்றி ஒரு குத்தகைச் சீட்டில் ஒரு வரி இருப்பது அரிது. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவருக்கோ சீட்டே இல்லை. அவர் மரம் நட மாட்டார், நட்டால் நிலத்தில் உரிமை கோருகிறார் என்று உரிமையாளர் அஞ்சுவார்.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் சும்பர்ஜயா என்ற மலைப்பகுதியில் இதே முடிச்சு வேறு வடிவில் இருந்தது. நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கெடுக்கிறார்கள் என்று காப்பி பயிரிட்ட குடியானவர்கள் ஒரு காலத்தில் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் அரசின் கொள்கை மாறியது. காப்பிச் செடிகளுக்கு இடையே பல இன மரங்களை வளர்த்து, எஞ்சிய காட்டைக் காத்தால், அந்த நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை நீண்ட காலத்துக்கு வழங்கப்படும் என்ற ஏற்பாடு வந்தது. பணம் கொடுத்துச் செய்விக்க முடியாததை, நாளைக்கும் இந்த நிலம் நம்மிடம் இருக்கும் என்ற உறுதி செய்தது.

நம் நிலையில் செய்யக்கூடியது: நடுவதற்கு முன், நிலத்தை நிர்வகிக்கும் செயல் அலுவலர் அல்லது அறங்காவலரிடம் எழுத்து மூலம் இசைவு பெறுவது, எத்தனை மரம், எந்த இனம், வெட்டும்போது யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அதில் குறிப்பிடச் செய்வது. இசைவு கிடைக்காத இடத்தில் தழை தரும் பூவரசு, அகத்தி, கிளைரிசிடியா ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அவற்றின் பயன் ஆண்டுதோறும் கைக்கு வந்துவிடுவதால், நாளை யாருக்கு என்ற கேள்வி எழுவதில்லை.

பட்டா நிலத்து மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?

இனத்தைப் பொறுத்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. சந்தன மரத்தைச் சொந்த நிலத்தில் வளர்க்கலாம். ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். தேக்கை நடுவதற்கு முன்பே, வெட்டி எடுத்துச்செல்லும்போது என்ன சான்று தேவைப்படும் என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் (ஊரின் பயிர்ப் பதிவேட்டில்) பதியச் செய்தால் பிற்காலத்தில் உதவும்.

அரசு உதவி உண்டா?

2021-22 முதல், வேளாண் நிலங்களில் பசுமைப் போர்வையைப் பெருக்கும் இயக்கத்தின் கீழ் கன்றுகள் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. உழவன் செயலியில் பதிவு செய்யலாம், வேளாண் விரிவாக்க மையத்திலும் கேட்கலாம். கொடுக்கும் இனத்தையெல்லாம் வாங்கி வராமல், தம் மண்ணுக்கு உரியதைக் கேட்டு வாங்கவேண்டும். கார்பன் வரவு (மரம் ஈர்க்கும் கரியமில வாயுவுக்குக் கிடைக்கும் பணம்) என்று சொல்லி முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

மேலே குடகில் மரம் காக்கப்பட்டால்தானே கீழே எங்களுக்குத் தண்ணீர்? அங்கே மரம் காப்பவருக்கு யார் கொடுப்பது?

சரியான கேள்வி, ஆனால் எவரும் எடுத்துப் பேசாத கேள்வி. குடகின் காப்பித் தோட்டங்கள் நாட்டு மரங்களின் நிழலில் வளர்ந்தவை. அதனால் அந்த மலைச்சரிவு பாதிக் காடாகவே இருந்து மழையைத் தாங்கி மெதுவாக விடுகிறது. ஆனால் நாட்டு மரத்தை வெட்டி விற்பதில் உழவருக்குக் கட்டுப்பாடுகள் மிகுதி. சில்வர் ஓக் மரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே நாட்டு மரம் போய் சில்வர் ஓக் வந்துகொண்டிருக்கிறது. மரத்தைக் காக்க இட்ட விதியே மரத்தை மாற்றிவிட்டது.

நியூயார்க் நகரம் 1997-இல் தன் நீர்ப்பிடிப்புப் பகுதியான கேட்ஸ்கில் மலை ஊர்களோடு ஓர் உடன்பாடு செய்தது. பல நூறு கோடி டாலர் செலவில் வடிகட்டும் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, மேலே உள்ள பண்ணையாளர்கள் ஓடைக்கரையில் மரப்பட்டை வளர்க்கவும் சாணக் கழிவை ஓடையில் விடாதிருக்கவும் நகரம் செலவை ஏற்றது. காவிரியிலோ, 2007-ஆம் ஆண்டின் நடுவர் மன்றத் தீர்ப்பும் 2018-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் நீரை டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) கணக்கில் பங்கிட்டன; மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று பிந்தைய தீர்ப்பு வரையறுத்தது. அந்த நீரை உண்டாக்கும் சரிவில் மரம் நிற்பதற்கு யார் என்ன தருவது என்பது அந்தக் கணக்குக்குள் வரவில்லை. இரு மாநில உழவர்களும் பகை இல்லாமல் பேசக்கூடிய பொருள் இது ஒன்றாகவே இருக்கும்.

எப்போது நடுவது? நட்ட கன்றுக்கு என்ன பாதுகாப்பு?

மேட்டு மணற்பாங்கில் புரட்டாசி, ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் நடலாம். தாழ்ந்த களிமண்ணில் அந்த மாதங்களில் நட்டால் கன்று மூழ்கி அழுகும். அங்கே இரண்டடி மண் அணைத்து மேடாக்கி அதன்மேல் நடவேண்டும், அல்லது மழை ஓய்ந்து ஈரம் இருக்கும் தை மாதத்தில் நட்டுக் கோடையில் குட்டை நீரைக் குடத்தால் ஊற்றவேண்டும். முதல் இரண்டு கோடை தாண்டினால் பெரும்பாலான இனங்களுக்கு நாம் நீர் விடவேண்டியதில்லை.

கன்று சாவது வறட்சியால் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஆடு மேய்ந்துதான் மிகுதியாகச் சாகிறது. சம்பா அறுத்த பின் ஆடி வரை வயல்வெளி முழுவதும் ஊர் ஆடுமாடுகளுக்குத் திறந்துகிடக்கும். ராமநாதபுரத்துக் கீதாரிகளும் (ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகச் செல்லும் மேய்ப்பர்கள்) கிடை போட, அதாவது மந்தையை இரவில் வயலில் அடைக்க, வருவார்கள். கிடை வயலுக்கு எரு, கீதாரிக்குப் பிழைப்பு, அதைத் தடுக்கவேண்டியதில்லை. எந்த வரப்பில் கன்று இருக்கிறது என்று முதல் நாளே அவருக்குக் காட்டிவிட்டு, கன்றைச் சுற்றி ஆள் மார்பளவுக்கு முள் கட்டிவிட்டால் போதும்.